பூசணம் ஏன் நஞ்சு சமைக்கின்றது?

அறுவடை வேளையில் மழையில் நனைந்துபோன நிலக்கடலைக் குவியலை இரண்டு மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், சில பருப்புகளின் மீது மஞ்சளும் பச்சையும் கலந்த தூள் படிந்திருக்கக் காணலாம். “பூசணம் பிடித்துவிட்டது” என்று கூறி, அதனைத் தட்டித் துடைத்துவிட்டு மறுபடியும் வெயிலில் பரப்புவது நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். துடைத்தால் தூள் போய்விடும். ஆனால் அப்பூசணம் பருப்பினுள் சேர்த்துவைத்த நஞ்சு போவதில்லை. உலர்த்தினாலும், வறுத்தாலும், வேகவைத்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை.

அந்நஞ்சினால் மனிதர்க்கும் கால்நடைக்கும் விளையும் தீங்கினை விவசாய அலுவலர்கள் பலமுறை எடுத்துக் கூறியிருக்கின்றனர். அதனை அறிந்த உழவர்கள் பலரும் கேட்கத் தக்க கேள்வி ஒன்று உண்டு. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இழைகளால் ஆன ஓர் அற்ப உயிர், தான் அரிதில் தேடிய உணவில் ஒரு பகுதியைச் செலவிட்டு இத்தகைய கொடிய பொருளை எதற்காக உண்டாக்குகின்றது? நம் வீட்டுக் கோழியைக் கொல்வதனால் அதற்குக் கிடைக்கும் ஆதாயம் யாது? இதனை வெறும் படிப்பாளிகளின் கேள்வி என்று தள்ளிவிடுதல் கூடாது. பூசணம் எதற்காக நஞ்சினைச் சமைக்கின்றது என்பது விளங்குமானால், எந்த நிலைமையில் அதனைச் சமைக்கும் என்பதும் விளங்கும். அது விளங்கினால், நிலத்திலும் களத்திலும் கிடங்கிலும் நாம் செய்ய வேண்டியது எது, வீண் வேலை எது என்பது தானே தெரியவரும்.

வான்கோழிகளும் மக்காச்சோளமும்

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் புலப்படாமையால் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டனர். பின்னர்த் தீவனத்தை ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அப்பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்திருந்தது. அதன் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி, அது உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தனர். இந்த ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1729 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாதிரியாரும் தாவர நூல் வல்லுநருமான மிக்கேலி என்பவர் இப்பூசண இனத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். நீண்ட காம்பும் அதன் தலையில் உருண்டையும் அதனைச் சுற்றித் துளித்துளியாக வித்துகளும் கொண்ட அதன் வடிவம், தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை அவருக்கு நினைவூட்டியது. அக்கருவியின் பெயரையே இதற்கும் இட்டார். நம்மவர் எவரேனும் முதலிற் பார்த்திருந்தால் பன்னீர்ச் செம்பு என்று பெயரிட்டிருப்பார் போலும்.

வான்கோழிகளோடு இது நின்றுவிடவில்லை. 1974 ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும், அதனை அடுத்த குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், மலைவாழ் மக்கள் வசிக்கும் ஊர்களில் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் கூடிய ஒரு நோய் பரவியது. 397 பேர் நோயுற்றனர். அவருள் 106 பேர் இறந்தனர். வீட்டு நாய்களும் வயிறு வீங்கி மாண்டன. ஐதராபாத்திலுள்ள தேசிய உணவுச் சத்து நிலையத்தார் சென்று ஆராய்ந்தனர். (இந்நிலையம் 1918 ஆம் ஆண்டில் நம் குன்னூரில் சிறு அளவில் தொடங்கப்பெற்று, 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டதாகும்.) அவ்வூர் மக்களின் அன்றாட உணவு மக்காச்சோளம். அவ்வாண்டு அறுவடையின்போது பருவந்தவறிய மழை பெய்தது. ஈரம் உலராத கதிர்களை வீட்டில் சேர்த்துவைத்து, பூசணம் பிடித்த பின்னரும் வேறு தானியம் இன்மையால் அதனையே அரைத்து உண்டனர். அச்சோளத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்ஸின் இருந்தது. இன்று நம் நாட்டு உணவுச் சட்டம் தானியத்தில் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் தானியத்தில் 15 மில்லிகிராம். ஒரு டன்னில் இருக்கலாம் என்று சட்டம் பொறுத்துக்கொள்ளும் நஞ்சு, அவ்வேழைகள் உண்ட சோளத்தில் ஒரு கிலோவிலேயே இருந்தது. 2004 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டிலும் இதேபோன்று மக்காச்சோளம் உண்டு 125 பேர் உயிரிழந்தனர்.

இவை கண்ணுக்குத் தெரிந்த சாவுகள். சிறிய அளவில் நெடுநாள் உண்பதால் கல்லீரலில் புற்றுநோய் உண்டாவது மெல்ல நிகழ்வது. எந்தக் கடலையால் வந்தது என்று பின்னர் எவரும் சுட்டிக்காட்ட இயலாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அஃப்ளாடாக்ஸினை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி என்னும் முதல் வகுப்பில் வைத்துள்ளது.

இழையின் வாழ்வு

பூசணத்துக்கு இலையில்லை, பச்சையம் இல்லை, தானே உணவு சமைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நூலினும் மெல்லிய இழைகளை நீட்டி, தான் அமர்ந்த பொருளின் மீது செரிப்பு நீரைக் கசியவிட்டு, அது கரைந்த பின் உறிஞ்சிக்கொள்கின்றது. நாம் உண்ட பிறகு செரிக்கின்றோம். அது செரித்த பிறகு உண்கின்றது. இதில் ஒரு பெரும் அபாயம் உள்ளது. இலை போட்டுப் பரிமாறிய விருந்தினைத் தெருவில் வைத்ததைப் போல, கரைந்த உணவு வெளியே கிடக்கின்றது. பக்கத்திலுள்ள பாக்டீரியங்களும் பிற பூசணங்களும் அதிற் பங்குக்கு வரும். பூச்சிகளும் புழுக்களும் உணவோடு பூசணத்தின் இழைகளையும் சேர்த்து மேய்ந்துவிடும். பூசணத்துக்குக் கால் இல்லை, ஓட முடியாது. பல் இல்லை, கடிக்க முடியாது. அதற்கு வாய்த்த கருவி ரசாயனம் ஒன்றே.

எல்லா உயிர்களும் தாம் வளர்வதற்கு இன்றியமையாத சர்க்கரை, கொழுப்பு, புரதம் ஆகியவற்றைத் தம் உடலில் ஆக்கிக்கொள்கின்றன. இவற்றை முதல்நிலைப் பொருள்கள் என்பர். இவையன்றி, வளர்ச்சிக்கு நேரே தேவைப்படாத பல பொருள்களையும் பூசணங்கள் ஆக்குகின்றன. இவை இரண்டாம் நிலைப் பொருள்கள். அஃப்ளாடாக்ஸின் இவ்வகையைச் சேர்ந்தது. 1928 ஆம் ஆண்டில் அலெக்ஸாந்தர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும் இவ்வகையே. பாக்டீரியங்களை விரட்டப் பூசணம் சமைத்த பொருள் மனிதனுக்கு மருந்தாயிற்று; வேறு எதிரிகள் மீது செல்லும் பொருள் மனிதனுக்கு நஞ்சாயிற்று. மருந்து, நஞ்சு என்பன நாம் இட்ட பெயர்களே.

வளர்ச்சிக்குத் தேவையில்லாமையால் இவை வெறுங்கழிவு என்று விஞ்ஞானிகளில் ஒரு சாரார் நெடுங்காலம் கருதினர். அக்கருத்து நிலைக்கவில்லை. அஃப்ளாடாக்ஸினைச் சமைப்பதற்குப் பூசணத்தின் மரபணுக்களில் ஏறக்குறைய 25 முதல் 30 வரை ஒரே இடத்தில் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒன்று தொடங்கிய வேலையை அடுத்தது வாங்கி, படிப்படியாக நஞ்சினை உருவாக்கி முடிக்கின்றன. குப்பையைக் கொட்டுவதற்கு எவரேனும் இருபத்தைந்து ஆட்களை அமர்த்தி, வரிசையில் நிறுத்தி, தலைமுறை தலைமுறையாகக் கூலி கொடுப்பார்களா? மேலும், அந்நஞ்சு தன்னையே தாக்காதபடி அதனை இழைக்குள் சிறு சிறு பைகளில் அடைத்துவைத்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடும் உண்டு. இத்தனை செலவுக்குத் தக்க வரவு இருந்தே தீர வேண்டும்.

மேயும் பூச்சிக்கு வைத்த காவல்

அவ்வரவு எது என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்த பூசணங்களில் நஞ்சுப் பொருள்கள் பலவற்றின் உற்பத்தியை ஒருங்கே நடத்தும் ஒரு தலைமை மரபணுவை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2004 ஆம் ஆண்டில் கண்டனர். அதனை நீக்கிவிட்டால் பூசணம் வளரும். ஆனால் நஞ்சு அருகிப்போகும். இவ்வாறு படைக்கலம் பறிக்கப்பட்ட பூசணத்தையும், படைக்கலம் உள்ள பூசணத்தையும், மண்ணில் வாழ்ந்து பூசண இழைகளை மேயும் கடுகினும் சிறிய துள்ளுப் பூச்சிகளின் முன் வைத்து, 2007 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் ஒரு சோதனை நடத்தினர். பூச்சிகள் நஞ்சற்றதையே நாடி மேய்ந்தன. அதனை உண்டு நன்கு பெருகின. பின்னர் நடந்த சோதனையில் மற்றொன்றும் தெரிந்தது. பூச்சி மேயத் தொடங்கிய பின் அப்பூசணம் தன் நஞ்சு உற்பத்தியைக் கூட்டிக்கொண்டது. அதன் பிறகு பூச்சிகள் அதனை உண்பது குறைந்தது. ஆடு கடித்த செடி முள் விடுவதைப் போன்ற செயல் இது.

2017 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி நம் கடலைப் பூசணத்தைப் பற்றியதே. பழ ஈயின் புழுக்கள் உள்ள இடத்தில் அஃப்ளாடாக்ஸின் இருந்தபோது அப்பூசணம் நன்கு தழைத்தது. புழுக்கள் இல்லாத இடத்தில் நஞ்சினால் அதற்கு அத்தகைய நன்மை ஏதும் இல்லை. ஆகவே, தன்னை மேய்வனவும் தன் உணவைப் பறிப்பனவுமாகிய பூச்சிகளுக்கு எதிராக வைத்த காவல் என்பதே இந்நஞ்சின் தலையாய பணி எனக் கொள்ளலாம். பூச்சிகளுள்ளும் சில இக்காவலை மீறக் கற்றுவிட்டன. மக்காச்சோளக் கதிரைத் துளைக்கும் சில புழுக்கள் தம் உடலிலேயே அஃப்ளாடாக்ஸினை முறித்துவிடும் ஆற்றல் பெற்றவை. மனிதனின் கல்லீரலும் அதனை முறிக்கத்தான் முயல்கின்றது. ஆனால் முறிக்கும் முயற்சியின் நடுவிலேயே அது முன்னினும் கொடிய உருவம் கொண்டு உயிரணுக்களின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொள்கின்றது. பூச்சிக்கு வைத்த பொறியில் மனிதன் மாட்டிக்கொண்ட கதை இது.

காவல் என்பதற்கு வேறோர் அடையாளமும் உண்டு. கெட்ட காலத்தைத் தாண்டுவதற்காகச் சில பூசணங்கள் தம் இழைகளை இறுக்கிக் கறுத்த உருண்டைகளாகச் செய்து மண்ணில் விட்டுவைக்கின்றன. இவை அவற்றின் விதைநெல் போன்றவை. கடலைப் பூசணத்தின் இவ்வுருண்டைகளில் பூச்சிகளைத் துரத்தும் பொருள்கள் மற்றப் பாகங்களைக் காட்டிலும் மிகுதியாகக் குவிந்திருப்பதை அமெரிக்காவின் பியோரியா நகரத்து ஆராய்ச்சிசாலையார் கண்டறிந்தனர். விதைநெல்லைக் கோட்டை கட்டி உயரத்தில் வைக்கும் உழவருக்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். கம்பு பூக்கும் பருவத்தில் தொடர்ந்து மழைத் தூறல் இருந்தால் கதிரில் தேன்போல் ஒழுகி, பின்பு தானியத்தின் இடத்தில் கறுத்த குச்சிபோன்ற உறுப்புத் தோன்றும் தேனொழுகல் நோயினை நம்மவர் அறிவர். அக்கறுத்த உறுப்பும் இவ்வகை உருண்டையே. அதனுள் இருக்கும் நஞ்சே கம்பு உண்டவர்க்கு வாந்தியும் மயக்கமும் தருகின்றது. உப்பு நீரில் விதையைக் கொட்டினால் இவை மிதக்கும். நல்ல கம்பு அமிழும்.

நஞ்சின் பணி எல்லாப் பூசணங்களிலும் ஒன்றே என்று எண்ணுதல் தவறு. கோதுமைக் கதிரைத் தாக்கும் பியூசேரியம் என்னும் பூசணம் தன் நஞ்சினைச் செடியின் மீதே செலுத்துகின்றது. அந்நஞ்சைச் சமைக்கும் மரபணுவை நீக்கிய பூசணத்தால் கதிரில் ஒரு மணியைத் தாக்க முடிந்தது. ஆனால் அங்கிருந்து கதிர் முழுதும் பரவ முடியவில்லை. அங்கே நஞ்சு என்பது கதவை உடைக்கும் கோடரி.

வரகு பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். முற்றிய வரகு மழையில் நனைந்தால் மயக்கம் தரும் என்பது பழைய பட்டறிவு. நம் கடலைப் பூசணமும் அதன் உறவினமும் சமைக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் மற்றொரு நஞ்சே இதற்குக் காரணம் என்று 1980 ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் காட்டினர். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கட் காட்டில் வரகு வயலில் மேய்ந்த 10 யானைகள் இறந்தபோது, அவற்றின் உடலுறுப்புகளில் இந்த அமிலமே காணப்பட்டது.

வறட்சியும் வெப்பமும்

பூச்சியொன்றே நஞ்சு சமைக்கத் தூண்டுவதன்று. தனக்குத் துன்பம் நேரும்போதெல்லாம் பூசணம் நஞ்சு உற்பத்தியைக் கூட்டுகின்றது. வெப்பத்தாலும் வறட்சியாலும் உயிரணுக்களுக்குள் ஆக்ஸிஜன் கட்டுக்கடங்காத வடிவங்கொண்டு உள்ளுறுப்புகளை அரிக்கும். அந்த அரிப்பினைத் தணித்துக்கொள்வதோடும் அஃப்ளாடாக்ஸின் உற்பத்தி பிணைந்துள்ளது. நிலக்கடலை உழவர் இதனைத் தனியே மனத்தில் இருத்தவேண்டும். ஏனெனில், கடலை மண்ணுக்குள் காய்ப்பது. பூசணத்தின் வீடும் மண்ணே. காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரங்களில் மழை பொய்த்து, காயைச் சூழ்ந்த மண்ணின் வெப்பம் 28 முதல் 31 டிகிரி சென்டிகிரேடு வரை நிற்குமானால், அறுவடைக்கு முன்பே நஞ்சு ஏறிவிடும் என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டின. இதில் இரண்டு காரணங்கள் கூடுகின்றன. ஈரம் உள்ள பச்சைப் பருப்பு, பூசணம் நுழைந்தால் அதனைத் தடுக்கும் பொருள்களைத் தானே சுரக்கும். வறட்சியில் ஈரம் வற்றிய பருப்பு அவற்றைச் சுரக்க இயலாது. அதே வறட்சி பூசணத்தையும் வருத்தி நஞ்சு சமைக்கத் தூண்டும். காவலன் சோர்ந்த வேளையில் கள்வன் ஆயுதம் ஏந்தி வருகின்றான்.

ஆகவேதான் மானாவாரிக் கடலையில் இத்தொல்லை மிகுதி. கிணறோ பண்ணைக் குட்டையோ உடையவர், காய் முற்றும் பருவத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சுவது மகசூலுக்கு மட்டுமன்றிக் கடலையின் தூய்மைக்கும் ஆகும். ஊராட்சி மன்றங்கள் குட்டை வெட்டும் திட்டங்களில் இடம் தேர்ந்தெடுக்கும்போது கடலை நிலங்களையும் நினைவில் வைத்தல் நலம்.

நஞ்சு சமைக்காத பங்காளிகள்

இங்கே ஒரு வியப்பான செய்தியைக் கூற வேண்டும். ஒரே வயலின் மண்ணிலிருந்து எடுத்த கடலைப் பூசணங்களில் சில நஞ்சினை மிகுதியாகச் சமைக்கின்றன; சில சிறிதும் சமைப்பதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நஞ்சு காவல் என்றால் சிலவற்றிற்கு மட்டும் அது ஏன் இல்லை? காவலுக்குச் செலவு உண்டு என்பதே விடை. பூச்சித் தொல்லை மிகுந்த இடத்தில் நஞ்சுள்ளது பிழைக்கும். பூச்சி குறைந்த இடத்தில் அச்செலவை மிச்சம் பிடித்தது முந்தும். இவ்விரண்டும் மாறி மாறி நேர்வதால் இரு வகையும் அழியாமல் நிற்கின்றன. ஜப்பான் நாட்டில் சோயாக் குழம்பும் அரிசி மதுவும் புளிக்கவைக்கப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படும் கோஜி என்னும் பூசணம் கடலைப் பூசணத்தின் நெருங்கிய உறவே. மனிதர் காவலில், நிறைந்த உணவில், பகையின்றி வளர்ந்த அது நஞ்சு சமைக்கும் தொழிலை மறந்துவிட்டது. மரபணுக்கள் பெரும்பாலும் இருக்கின்றன, வேலை செய்வதில்லை.

இதனைக் கண்ட விஞ்ஞானிகள் முள்ளை முள்ளால் எடுக்கும் உபாயம் ஒன்றை வகுத்தனர். நஞ்சு சமைக்காத பூசணத்தை வறுத்த சோளத்தின் மீது ஏற்றி, எக்டேருக்கு 10 கிலோ வீதம், மக்காச்சோளம் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு வயலில் தூவுகின்றனர். அது முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நஞ்சுள்ள பங்காளிக்கு இடமில்லாமற் போகின்றது. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்துப் பருத்தி வயல்களில் தொடங்கிய இம்முறை, நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் இன்று வழக்கில் உள்ளது. நஞ்சு பெருமளவு குறைவதாகக் கண்டிருக்கின்றனர்.

நம் உழவர் ஒரு வகையில் இத்தகைய உபாயத்தை முன்பே கையாளுகின்றனர். கடலை விதையோடு கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி தூளும் ஒரு பூசணமே. 1930 ஆம் ஆண்டுகளில் வைண்ட்லிங் என்னும் ஆராய்ச்சியாளர், இவ்வினப் பூசணம் ஒன்று வேரழுகல் பூசணங்களின் இழைகளைச் சுற்றி வளைத்து அழிப்பதையும், கொல்லும் பொருள் ஒன்றைச் சுரப்பதையும் கண்டார். அப்பொருளுக்குக் கிளியோடாக்ஸின் என்று பெயர். பூசணத்தின் ரசாயனப் போரில் ஒரு கட்சியை நாம் கூலிக்கு அமர்த்திக்கொள்கின்றோம் என்பதே விதை நேர்த்தியின் பொருள். ஆயினும், அதனைக் கலந்துவிட்டோம் என்னும் நம்பிக்கையில் அறுவடைக்குப் பின் அசட்டையாக இருப்பவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விதைக்கும் நாளில் செய்த காவல் களத்து ஈரத்துக்கு ஈடு கொடுக்காது.

களத்து வேலை

மேலே கூறியவற்றால் உழவர் செய்ய வேண்டியவை எளிதில் தோன்றும். பூசணம் பருப்புக்குள் நுழைய வழி வேண்டும். கறையானும் வேர்ப்புழுவும் காய்த்தோட்டைச் சுரண்டி வழி செய்கின்றன; களை வெட்டும் கொத்தும் வழி செய்கின்றது. ஆதலால் காய் பிடித்த பின் செடியடியைக் கிளறுதல் ஆகாது. விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தினால் தோடு உறுதிப்படும்.

பயிர் முற்றியதும் பிடுங்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று நிலத்தில் விட்டுவைத்தால் நஞ்சு ஏறும். பிடுங்கிய கொடியை ஈரத்தோடு போர் போடுவது எல்லாவற்றிலும் தீங்கானது. போரின் நடுவே வெப்பமும் ஈரமும் கூடி, பூசணத்துக்கு அதனினும் உகந்த இடம் வேறில்லை. காய் மேலாகவும் தழை கீழாகவும் இருக்குமாறு வரிசையாகக் கவிழ்த்து உலரவிட்டு, பின்பு காய் ஆய்தல் வேண்டும். ஆய்ந்த காயைத் தரையில் கொட்டாமல் தார்ப்பாயின் மீதோ சிமெண்டுக் களத்திலோ மெல்லியதாகப் பரப்பி, பருப்பின் ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேற்படாதவாறு உலர்த்த வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு நல்ல களமும், திடீர் மழைக்கு மூடுவதற்குச் சில தார்ப்பாய்களும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருப்பது, அவ்வூர்க் கடலைக்குச் சந்தையில் பெயர் வாங்கித் தரும். வெளிநாட்டார் மிகக் கண்டிப்பானவர்கள். நேரே உண்பதற்குரிய நிலக்கடலையில் ஐரோப்பிய நாடுகள் அனுமதிப்பது கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே.

உடைக்கும்போது பருப்பு பிளவுபடாமல் இருக்கக் காயின் மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. உலர்த்துவதற்குப் பட்ட பாடு அனைத்தும் அந்த ஒரு குடம் நீரில் கரைந்துபோகும். உடனே அரவைக்குச் செல்லாத கடலைக்கு இதனைச் செய்யவே கூடாது. மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல், தரையில் கட்டைகளைப் பரப்பி அவற்றின் மீது அட்டி போட வேண்டும்.

இறுதியாகச் சொத்தைக் கடலையைப் பற்றி. ஒரு மூட்டையில் உள்ள நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டுமே செறிந்திருக்கும். அவை பெரும்பாலும் சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை. ஆதலால் கையால் பொறுக்கி நீக்குவதே மிகப் பயன் தரும் வேலை. வீட்டுப் பெண்கள் முறத்தில் வைத்துச் செய்யும் இவ்வேலைக்கு ஈடான இயந்திரம் சிற்றூரில் இல்லை. ஆனால் பொறுக்கிய சொத்தையை என்ன செய்கின்றோம்? வீணாக்கலாகாது என்று செக்குக்கு அனுப்புகின்றோம். அல்லது கோழிக்கும் மாட்டுக்கும் இடுகின்றோம். செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகின்றது. சிறு பகுதி எண்ணெயிலும் செல்கின்றது. பிண்ணாக்கைத் தின்ற பசுவின் உடலில் அது சிறிது உருமாறிப் பாலில் இறங்குகின்றது. அப்பால் குழந்தைக்குச் செல்கின்றது. பாலில் இருக்கக்கூடிய உச்ச அளவாக நம் நாட்டுச் சட்டம் கிலோவுக்கு அரை மைக்ரோகிராமை வகுத்திருப்பது இதனாலேயே. பொறுக்கிய சொத்தை ஒரு படி தேறுமானால், அதனை எரித்துவிட வேண்டும் அல்லது கால்நடை எட்டாத இடத்தில் ஆழப் புதைத்துவிட வேண்டும். அடுத்த போகத்துக்குக் கடலை விதைக்கும் நிலத்தில் புதைத்தல் கூடாது.

காய் போதிய அளவு உலர்ந்ததா என்று அறிய ஈரமானி இல்லாத ஊரிலும் வழியுண்டு. ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கினால், தோட்டுக்குள் பருப்பு உருளும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் செந்தோல் எளிதில் உரிய வேண்டும். அதுவரை சாக்கில் கட்டாமல், இரவில் பனி படாதவாறு மூடிவைத்து, மறுநாள் வெயிலில் மீண்டும் பரப்புக.